கிளவுடுக்கு மாறும் வேலை பழைய சர்வர் அறையில்தான் தொடங்குகிறது

ஒரு நிறுவனம் கிளவுடுக்கு, அதாவது சொந்த சர்வர்களை விட்டு இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களுக்கு, மாற முடிவெடுப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு தேதி நெருக்கும்போதுதான். சர்வர்களின் வாரண்டி முடியப்போகிறது, டேட்டா சென்டர் குத்தகையைப் புதுப்பிக்க வேண்டும், அல்லது மென்பொருள் நிறுவனம் கையை விரித்துவிட்டது. விண்டோஸ் சர்வர் 2012-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்கள் 2023 அக்டோபர் 10-ஆம் தேதியோடு நின்றன. அதற்கு மேலும் வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்டுங்கள், அதையே எங்கள் அஷூர் கிளவுடில் ஓட்டினால் கட்ட வேண்டாம் என்றது மைக்ரோசாஃப்ட். இப்படி ஓர் அறிவிப்பு வந்தால் போதும், அதுவரை தள்ளிப்போட்டு வந்த பேச்சு மறு வாரமே கூட்டமாகிவிடும்.

அந்தக் கூட்டத்தில் முதலில் வரும் கேள்வி "அமேசானா, மைக்ரோசாஃப்டா, கூகுளா?" என்பதுதான். மூன்று பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஸ்லைடு காட்டிவிட்டுப் போவார்கள். ஒப்பீட்டு அட்டவணைகள் தயாராகும். "சரி, நம்மிடம் மொத்தம் எத்தனை மென்பொருள் ஓடுகிறது, எது எதோடு பேசுகிறது?" என்று கேட்டால் மட்டும் யாரிடமும் முழுப் பதில் இருக்காது.

என்னைக் கேட்டால், எந்தக் கம்பெனி என்பது இந்த வேலையில் சுலபமான பகுதி. மூன்று பெரிய நிறுவனங்களிடமும் சர்வர், டேட்டாபேஸ், சேமிப்பிடம் எல்லாம் ஏறக்குறைய ஒரே தரத்தில் கிடைக்கின்றன. உங்கள் ஆட்களுக்கு எது பழக்கம், உங்கள் வாடிக்கையாளர்களுக்குப் பக்கத்தில் யாருக்கு டேட்டா சென்டர் இருக்கிறது, தகவல் நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்று சட்டம் சொல்கிறதா: இந்த மூன்றைக் கேட்டாலே பட்டியல் ஒன்றிரண்டாகக் குறைந்துவிடும். திட்டம் ஜெயிப்பதும் தோற்பதும் இருப்பதை எவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறோம் என்பதில்தான்.

கால அளவு பற்றியும் ஆரம்பத்திலேயே ஒரு நிதானம் வேண்டும். 2008 ஆகஸ்டில் நெட்ஃபிளிக்ஸின் டேட்டாபேஸ் ஒன்று பழுதாகி, மூன்று நாட்கள் வாடிக்கையாளர்களுக்கு டிவிடி அனுப்ப முடியாமல் போனது. சொந்த டேட்டா சென்டரை விட்டு அமேசானின் கிளவுடுக்குப் போவது என்று அப்போது முடிவெடுத்தார்கள். வேலை முடிந்தது 2016 ஜனவரியில். இருப்பதை அப்படியே தூக்கிக்கொண்டு போனால் பழைய சிக்கல்களும் கூடவே வரும் என்று, ஏறக்குறைய எல்லாவற்றையும் புதிதாக எழுதியதால் ஏழு வருடம் ஆனது. பில்லிங் முதலான நுட்பமான பகுதிகள் கடைசியில்தான் போயின. அப்படியும் படங்களைப் பார்ப்பவர்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை அவர்கள் அமேசானிடம் கொடுக்கவில்லை. இணைய சேவை நிறுவனங்களின் இடத்தில் தங்கள் சொந்தப் பெட்டிகளை வைத்து, அங்கிருந்து அனுப்புகிறார்கள். முழுதாக மாறிய நிறுவனம் என்று எல்லோரும் கைகாட்டும் இடத்திலேயே நிலவரம் இதுதான்.

இருப்பதைக் கணக்கெடுப்பது

எல்லா அலுவலகத்திலும் ஒரு சொத்துப் பதிவேடு இருக்கும். எதை வாங்கினோம் என்பதை அது சொல்லும். எது ஓடுகிறது, யாருக்காக ஓடுகிறது என்பது அதில் இருக்காது. இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கிளவுட் நிறுவனங்கள் எல்லாமே கருவிகள் வைத்திருக்கின்றன. உங்கள் நெட்வொர்க்கில் உட்கார்ந்துகொண்டு எந்த சர்வர் எந்த சர்வரோடு எந்த வழியாகப் பேசுகிறது, எவ்வளவு நினைவகம் செலவாகிறது என்று குறித்துக்கொண்டே இருக்கும். அதைக் குறைந்தது ஒரு மாதமாவது ஓட விட வேண்டும், அதில் மாதக் கடைசியும் அடங்க வேண்டும். ஒரு வாரம் ஓட்டிவிட்டு படம் வரைந்தால் சம்பளப் பட்டியல் தயாரிக்கும் மென்பொருள் தூங்கிக்கொண்டிருப்பதாகத்தான் தெரியும்.

ஒரு மொத்த வியாபார நிறுவனத்தின் ஆர்டர் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ஆவணத்தில் இரண்டே பெட்டிகள்: ஓர் அப்ளிகேஷன் சர்வர், ஒரு டேட்டாபேஸ் சர்வர். நடுவில் ஓர் அம்புக்குறி. நெட்வொர்க்கைக் கவனிக்க ஆரம்பித்ததும் வேறு படம் தெரிகிறது. இரவு 2 மணிக்கு தானாக ஓடும் ஒரு சிறு நிரல் (ஸ்கிரிப்ட்) அன்றைய ஆர்டர்களை ஒரு கோப்பாக எழுதிப் பொது ஃபோல்டரில் வைக்கிறது. அரை மணி கழித்து கணக்கு மென்பொருள் வந்து அதை எடுத்துக்கொள்கிறது. கிடங்கில் இருக்கும் லேபிள் பிரிண்டரின் ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதன் எண், நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ரசீதுகளை அனுப்ப, எல்லோரும் எப்போதோ நிறுத்திவிட்டதாக நினைத்த பழைய மெயில் சர்வர் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது. விற்பனைப் பிரிவில் ஒருவர் தன் எக்செல் கோப்பை நேராக டேட்டாபேஸில் இணைத்து வைத்திருக்கிறார். மேலாளர் திங்கள்தோறும் பார்த்து முடிவெடுக்கும் அறிக்கை அதிலிருந்துதான் வருகிறது, ஐடி துறைக்கோ அப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டு பெட்டிகளை மட்டும் கிளவுடுக்கு நகர்த்தியிருந்தால் இவை ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் உடைந்திருக்கும். லேபிள் பிரிண்டர் காலை முதல் வேலையிலேயே நின்றிருக்கும். எக்செல் அறிக்கை திங்கட்கிழமை. கணக்கில் ஆர்டர்கள் சேராததை யாராவது கவனிக்க இன்னும் சில நாள் ஆகியிருக்கலாம். கடைசியாகச் சொன்னதுதான் மோசமான வகை, ஏனென்றால் அது சத்தமே போடாது.

கருவிகளுக்கும் ஓர் எல்லை உண்டு. வருடத்துக்கு ஒரே முறை, கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடும் வேலையை ஒரு மாதக் கண்காணிப்பு பிடிக்காது. அதற்கு மனிதர்களைத்தான் கேட்க வேண்டும். கணக்குப் பிரிவிலோ கிடங்கிலோ பல வருடமாக இருக்கும் ஒருவரோடு உட்கார்ந்து, "வருடக் கடைசியில் என்னென்ன செய்வீர்கள், எந்தத் திரையைத் திறப்பீர்கள்?" என்று கேட்பதில் கிடைக்கும் தகவல் எந்த மென்பொருள் அறிக்கையிலும் கிடைக்காது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தொழில் பக்கத்திலிருந்து ஒரு பொறுப்பாளரின் பெயரையும் அப்போதே எழுதி வைத்துவிடுங்கள். பெயர் எழுத ஆளே கிடைக்காத மென்பொருள்கள் சில மிஞ்சும். அவற்றுக்கு அப்புறம் வருகிறேன்.

எது எதோடு பேசுகிறது என்பதற்கு ஏன் இவ்வளவு அழுத்தம் என்றால், தூரம் ஒரு நிஜமான பிரச்சினை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகிறது. 1,000 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் டேட்டா சென்டருக்குப் போய்த் திரும்பக் குறைந்தபட்சம் 10 மில்லிநொடி, வழியில் இருக்கும் கருவிகளையும் சேர்த்தால் 20 என்று வைத்துக்கொள்ளலாம். கேட்க ஒன்றுமில்லை போலத்தான் இருக்கும். ஆனால் பழைய மென்பொருள்கள் ஒரு திரையைக் காட்ட டேட்டாபேஸிடம் 200 தடவை கேள்வி கேட்பது சகஜம். இரண்டும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு கேள்விக்கு அரை மில்லிநொடி, மொத்தம் பத்தில் ஒரு நொடி. அப்ளிகேஷனை மட்டும் கிளவுடுக்கு அனுப்பி டேட்டாபேஸை இங்கேயே வைத்தால் அதே திரைக்கு 4 நொடி. எதுவும் பழுதில்லை, எந்த எச்சரிக்கையும் வராது, ஆனால் வேலை செய்பவர்கள் எல்லோரும் "சிஸ்டம் ஸ்லோ" என்பார்கள். அதிகமாகப் பேசிக்கொள்பவற்றை ஒரு கூட்டமாகக் கட்டி ஒன்றாக நகர்த்த வேண்டும் என்ற விதி இதிலிருந்து வந்ததுதான். நகர்த்தும் வரிசையை அந்தப் படம்தான் முடிவு செய்யும். எந்தத் துறைத் தலைவர் முதலில் கேட்டார் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

போவதும் போகாததும்

ஒவ்வொரு மென்பொருளையும் என்ன செய்வது என்பதற்குத் துறையில் ஒரு பட்டியல் புழங்குகிறது. 2010-இல் கார்ட்னர் ஆய்வு நிறுவனம் ஐந்து வழிகளைச் சொன்னது. அமேசான் அதை ஆறாக்கி, பின்பு ஏழாக்கியது. அப்படியே தூக்கி வைப்பது, சின்னச் சின்ன மாற்றத்தோடு எடுத்துப் போவது, புதிதாகத் திருத்தி எழுதுவது, அதை விட்டுவிட்டு மாதச் சந்தாவில் கிடைக்கும் வேறொரு மென்பொருளுக்கு மாறுவது, இருக்கும் இடத்திலேயே வைப்பது, மூடிவிடுவது என்று போகும். ஏழு பெயரையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கடைசி இரண்டையும் மறக்காமல் இருந்தால் போதும். அவற்றில் யாருக்கும் விற்பனை இல்லை என்பதால் ஸ்லைடுகளில் அவை சின்ன எழுத்தில்தான் வரும்.

பொறுப்பாளர் பெயர் கிடைக்காத மென்பொருள்கள் என்றேனே, அவற்றில் பாதியை மூடலாம். உடனே அழிக்க வேண்டாம். நெட்வொர்க் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒரு மாதம் காத்திருங்கள். யாராவது கத்தினால் பொறுப்பாளர் கிடைத்துவிட்டார். முரட்டு வழிதான், ஆனால் பலிக்கும். மூடும் முன் அதிலிருக்கும் பழைய தகவலைச் சட்டப்படி எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும் என்று மட்டும் பார்த்து, ஒரு பிரதியை மலிவான சேமிப்பிடத்தில் போட்டுவிட வேண்டும்.

இருக்கும் இடத்திலேயே விடுவதிலும் வெட்கப்பட ஒன்றுமில்லை. தொழிற்சாலை இயந்திரத்தோடு நேராகப் பேசும் மென்பொருள், இரண்டு வருடத்தில் எப்படியும் கைவிடப்போகும் பழைய சிஸ்டம், லைசென்ஸ் சிக்கலில் மாட்டிக்கொண்ட டேட்டாபேஸ் ஆகியவற்றை நகர்த்தினால் செலவுதான் மிச்சம். "நூறு சதவீதம் கிளவுட்" என்று தலைமை நிர்வாகி மேடையில் அறிவித்துவிட்டால் இந்த நிதானம் போய்விடும், அதுதான் கஷ்டம்.

அப்படியே தூக்கி வைக்கும் வழியை, அதாவது லிஃப்ட் அண்ட் ஷிஃப்டை, கன்சல்டன்ட்கள் கொஞ்சம் இளக்காரமாகப் பேசுவார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. டேட்டா சென்டர் குத்தகை முடிய எட்டு மாதம்தான் இருக்கிறது என்றால், 60 மென்பொருள்களைத் திருத்தி எழுத யாராலும் முடியாது. முதலில் தூக்கி வையுங்கள், பிறகு திருத்துங்கள் என்பது நியாயமான திட்டம். ஆனால் அந்த "பிறகு"-க்கு ஆளும் பணமும் இப்போதே ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழு கலைந்துவிடும், பழைய சர்வர்கள் அதே கொழுத்த உடம்போடு வாடகை வீட்டில் நிரந்தரமாகத் தங்கிவிடும்.

மீட்டர் ஓடும் கணக்கு

அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனம் 2011-இல் கிளவுடுக்கு (மேகக் கணிமைக்கு) ஒரு வரையறை வெளியிட்டது. இன்றும் பலர் அதைத்தான் எடுத்தாள்கிறார்கள். அதில் சொல்லப்பட்ட ஐந்து அடிப்படைத் தன்மைகளில் ஒன்று, பயன்பாடு அளக்கப்படும் என்பது. அளப்பதால்தான் சிக்கனமும் வருகிறது, அளப்பதால்தான் பில்லும் எகிறுகிறது. சொந்த சர்வர் சும்மா இருந்தாலும் ஓடினாலும் செலவு ஒன்றுதான், அதனால் அதை அணைக்கும் பழக்கம் யாருக்கும் வந்திருக்காது. அந்தப் பழக்கத்தோடு கிளவுடுக்குப் போனால் மீட்டரும் இரவு பகலாக ஓடும்.

சொந்தமாக சர்வர் வாங்கும்போது அடுத்த ஐந்து வருட வளர்ச்சிக்கும் சேர்த்து, கொஞ்சம் பயத்துக்கும் சேர்த்து, பெரியதாக வாங்குவோம். அதில் தப்பில்லை, நடுவில் பெரிதாக்க முடியாதே. அதே அளவைக் கிளவுடிலும் கேட்டால், ஐந்தாம் வருடத்துத் தேவைக்கு முதல் மாதத்திலிருந்தே வாடகை கட்டுகிறீர்கள். கணக்கெடுப்பில் பதிவான உண்மையான பயன்பாட்டைப் பார்த்து அளவைக் குறைக்க வேண்டும். சோதனைக்காக வைத்திருக்கும் சர்வர்களில் இதைவிட எளிய லாபம் இருக்கிறது. வாரத்துக்கு 168 மணி நேரம், உங்கள் ஆட்கள் வேலை செய்வது ஐந்து நாள், நாளுக்குப் பத்து மணி என்றால் 50. மீதி நேரம் தானாக அணையும்படி வைத்தால், அந்த சர்வர்களுக்கான மணிக்கணக்கு வாடகையில் 70 சதவீதம் மிச்சமாகும்.

ஒரு வருடம், மூன்று வருடம் என்று முன்கூட்டியே உறுதி கொடுத்தால் பெரிய தள்ளுபடி உண்டு. அமேசான் 72 சதவீதம் வரை என்று விளம்பரப்படுத்துகிறது. விற்பனையாளர் இதை முதல் நாளே கையெழுத்து வாங்கப் பார்ப்பார். கொஞ்சம் பொறுங்கள். சில மாதம் ஓட்டி, அளவைச் சரி செய்து, இதற்குக் கீழே பயன்பாடு போகாது என்று தெரிந்த பகுதிக்கு மட்டும் உறுதி கொடுங்கள். தவறான அளவுக்கு மூன்று வருடத் தள்ளுபடி வாங்குவது நஷ்டத்தைத் தவணையில் வாங்குவதுதான்.

ஒப்பீட்டு அட்டவணையில் பலர் விட்டுவிடும் செலவு, இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் ஓடும் காலம். மாற்றம் முடியும்வரை பழைய டேட்டா சென்டர் வாடகையும் உண்டு, கிளவுட் பில்லும் உண்டு. ஆறு மாதம் என்று போட்ட கணக்கு பதினெட்டு மாதமானால் அந்த இரட்டைச் செலவே மொத்தச் சேமிப்பையும் விழுங்கிவிடும். திட்டத்தின் நடுவில் நிதித்துறை முகம் சுளிப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

லைசென்ஸும் அப்படித்தான். ஆரக்கிள் டேட்டாபேஸின் எண்டர்பிரைஸ் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். வழக்கமான இன்டெல் சர்வரை சொந்தமாக வைத்திருந்தால் ஒரு கோருக்கு (சிப்புக்குள் கணக்குப் போடும் ஒரு பகுதிக்கு) அரை லைசென்ஸ் என்று கணக்கிடுவார்கள். 8 கோருக்கு 4 போதும். அமேசான், அஷூர் போன்ற கிளவுடில் அந்தப் பாதிக் கணக்கு கிடையாது, இரண்டு விர்ச்சுவல் சிபியுவுக்கு ஒரு லைசென்ஸ். அங்கே ஒரு கோரை வழக்கமாக இரண்டு விர்ச்சுவல் சிபியுவாக எண்ணுவார்கள். அதே 8 கோர் அங்கே 16 விர்ச்சுவல் சிபியுவாகி, 8 லைசென்ஸ் கேட்கும். சர்வரின் வேகம் மாறவில்லை, லைசென்ஸ் இரட்டிப்பாகிவிட்டது. கையில் இருக்கும் ஒவ்வொரு லைசென்ஸ் ஒப்பந்தத்தையும் நகர்த்தும் முன் ஒருவர் உட்கார்ந்து படித்தே ஆக வேண்டும்.

தகவல் உள்ளே போக வழக்கமாகக் கட்டணம் இல்லை, வெளியே வர உண்டு. தினமும் பெரிய கோப்புகளை வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் தொழிலுக்கு இந்தக் கட்டணம்தான் பில்லின் பெரிய வரியாக இருக்கும். மொத்தமாக வெளியேறுபவர்களுக்கு மட்டும் 2024-இல் கூகுள், அமேசான், மைக்ரோசாஃப்ட் மூன்றும் அடுத்தடுத்து இதைத் தள்ளுபடி செய்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுச் சட்டப்படி, 2027 ஜனவரி 12 முதல் கிளவுட் மாறுவதற்கு அங்கே கட்டணமே வாங்கக் கூடாது. ஆனாலும் வெளியேறுவதில் பெரிய செலவு இந்தக் கட்டணம் இல்லை. ஒரே நிறுவனத்திடம் மட்டும் கிடைக்கும் வசதிகளை நம்பி எழுதிய நிரலை மாற்றி எழுதுவதுதான்.

வெளியேறியவர்களும் இருக்கிறார்கள். கோப்புகளை இணையத்தில் சேமித்துத் தரும் டிராப்பாக்ஸ் தன் பயனர்களின் கோப்புகளில் பெரும்பகுதியை அமேசானிலிருந்து சொந்த டேட்டா சென்டருக்குக் கொண்டுவந்து, இரண்டு வருடத்தில் சுமார் 7.5 கோடி டாலர் மிச்சப்படுத்தியதாக 2018-இல் பங்குச் சந்தைக்கு வரும்போது கணக்குக் காட்டியது. 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022-இல் கிளவுடுக்கு 32 லட்சம் டாலர் செலவழித்துவிட்டு வெளியேற ஆரம்பித்தது. இரண்டிலும் பொதுவான அம்சம், எவ்வளவு பயன்பாடு வரும் என்பது அவர்களுக்கு ஏறக்குறைய தெரியும், சர்வர்களைப் பார்த்துக்கொள்ளத் திறமையான ஆட்களும் உள்ளேயே இருந்தார்கள். வருடத்தில் இரண்டு வாரம் மட்டும் கூட்டம் அலைமோதும் தொழிலுக்கு அவர்கள் கணக்கு பொருந்தாது. உங்கள் பயன்பாட்டின் ஏற்ற இறக்கம் எப்படி இருக்கிறது என்பதைத்தான் முதலில் வரைந்து பார்க்க வேண்டும். தட்டையான கோடு வந்தால், கிளவுட் மலிவு என்ற வாதத்தை நம்ப வேண்டாம். வேறு காரணம் இருந்தால் போகலாம்.

பூட்டு யார் பொறுப்பு

டேட்டா சென்டரின் கதவு, மின்சாரம், சர்வர், அதற்கு அடியிலுள்ள அமைப்பு எல்லாம் கிளவுட் நிறுவனத்தின் பொறுப்பு. அதற்கு மேலே யாருக்கு என்ன அனுமதி, எந்த வழி இணையத்துக்குத் திறந்திருக்கிறது, தகவல் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. 2019-இல் கேபிடல் ஒன் வங்கியில் அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 10.6 கோடிப் பேரின் தகவல் கசிந்தது. அமேசானின் கிளவுடையே யாரும் உடைக்கவில்லை. வங்கி தரப்பில் ஒரு ஃபயர்வால் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் காவல்) சரியாக அமைக்கப்படவில்லை, அதற்குக் கொடுத்திருந்த அனுமதியும் தேவைக்கு மேல் அகலமாக இருந்தது. அடுத்த வருடம் வங்கிக்கு 8 கோடி டாலர் அபராதம். அதனால் முதல் சர்வரை நகர்த்தும் முன்பே கணக்கு அமைப்பு, இரண்டடுக்குச் சரிபார்ப்பு, யாருக்கு எவ்வளவு அனுமதி, எல்லா நடவடிக்கைக்கும் பதிவேடு ஆகியவை தயாராக வேண்டும். நகர்த்திய பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், நூறு சர்வர் வந்த பிறகு அந்த அனுமதிகளைத் திரும்ப இறுக்குவது பெரும்பாடு.

பேக்கப் விஷயத்தில் கிளவுட் என்றாலே பத்திரம் என்ற நினைப்பு இன்னும் போகவில்லை. 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஎச் நிறுவனத்தின் டேட்டா சென்டர் கட்டடம் ஒன்று தீயில் எரிந்து அழிந்தது. வேறு இடத்தில் பிரதி வைக்காத வாடிக்கையாளர்கள் சிலருக்குத் தகவல் திரும்பக் கிடைக்கவே இல்லை. 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் அமைப்பே கூகுள் பக்கத்துத் தவறால் அழிந்துபோனது. அமைக்கும்போது ஒரு கட்டத்தை நிரப்பாமல் விட்டதுதான் காரணம். 6 லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் ஒரு வாரத்துக்கு மேல் தங்கள் கணக்கைப் பார்க்க முடியவில்லை. வேறொரு நிறுவனத்திடமும் பேக்கப் வைத்திருந்தது அவர்களுக்குக் கைகொடுத்தது. முக்கியமான தகவலுக்கு ஒரு பிரதியாவது வேறு கணக்கில், வேறு ஊரில், முடிந்தால் வேறு நிறுவனத்தில் இருக்கட்டும். அதிலிருந்து திரும்ப எடுக்க முடிகிறதா என்று ஒருமுறையாவது செய்து பார்த்துவிடுங்கள்.

ஒப்பந்தத்தில் சேவை 99.9 சதவீத நேரம் ஓடும் என்று போட்டிருந்தால், 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நிற்கலாம் என்று அர்த்தம். அதைத் தாண்டினால் பில்லில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்கள், உங்கள் வியாபார நஷ்டத்தைத் தர மாட்டார்கள்.

மாற்றும் நாள்

தகவலை அனுப்ப எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். 10 டெராபைட் தகவல், நொடிக்கு 100 மெகாபிட் இணைப்பு என்றால், வேறு யாரும் அந்த இணைப்பைத் தொடாமலிருந்தாலே ஒன்பது நாளுக்கு மேல். 100 டெராபைட் என்றால் மூன்று மாதம். இணைப்பைப் பெரிதாக்க வேண்டும், அல்லது கிளவுட் நிறுவனம் அனுப்பும் வட்டுப் பெட்டியில் ஏற்றி அனுப்ப வேண்டும். எப்படி அனுப்பினாலும் முறை ஒன்றுதான்: முழுப் பிரதியை முன்கூட்டியே அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு வரும் மாற்றங்களை மட்டும் தொடர்ந்து ஒத்திசைத்துக்கொண்டே இருப்பது. மாற்றும் இரவில் நகர வேண்டியது கடைசிச் சில நிமிட மாற்றங்கள் மட்டுமே.

டிஎன்எஸ்ஸையும், அதாவது தளத்தின் பெயரை சர்வரின் முகவரியோடு இணைக்கும் பதிவையும், அந்த இரவுக்கு முன்பே தயார் செய்ய வேண்டும். உங்கள் தளத்தின் முகவரியை 24 மணி நேரம் நினைவில் வைத்துக்கொள் என்று இணையத்துக்குச் சொல்லி வைத்திருந்தால், நீங்கள் மாற்றிய பிறகும் ஒரு நாள் வரை சிலர் பழைய சர்வருக்கே போய்க்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தைச் சில நாள் முன்பே 300 நொடியாகக் குறைத்துவிட்டால், மாற்றம் சில நிமிடத்தில் பரவும்.

திட்டத்தில் மிக முக்கியமான ஒரு வரி, எதுவரை திரும்பி வரலாம் என்பது. புதிய இடத்தில் முதல் ஆர்டர் பதிவாகும்வரை திரும்புவது சுலபம், முகவரியைப் பழையபடி மாற்றினால் ஆயிற்று. பதிவான பிறகு திரும்பினால் அந்த ஆர்டர்கள் பழைய டேட்டாபேஸில் இருக்காது. புதியதிலிருந்து பழையதற்கும் ஒத்திசைவு ஓட வைத்தால் இந்த அவகாசம் சில நாளுக்கு நீளும். அது முடியாவிட்டால், "அதிகாலை 4 மணிக்குள் இந்த ஐந்து சோதனையும் தேறாவிட்டால் திரும்புகிறோம்" என்று நேரமும், அதைச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்ற பெயரும் எழுத்தில் இருக்க வேண்டும். தூக்கமில்லாத இரவில் "இன்னும் அரை மணி பார்ப்போம்" என்பதற்கு முடிவே கிடையாது.

பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் சுமார் 50 லட்சம் வாடிக்கையாளர்களின் கணக்குகளை ஒரே வார இறுதியில் புதிய அமைப்புக்கு மாற்றியது. அது கிளவுட் மாற்றமல்ல, பழைய உரிமையாளர் வங்கியின் சிஸ்டத்திலிருந்து புதிய உரிமையாளரின் சிஸ்டத்துக்கு. பாடம் மட்டும் அதேதான். தகவல் எல்லாம் சரியாகப் போய்ச் சேர்ந்தது, அதைத் தாங்கிய அமைப்பு சுமையில் படுத்துவிட்டது. புதிய அமைப்பு இரண்டு டேட்டா சென்டர்களில் ஓடியது, ஆனால் சுமைச் சோதனை ஒன்றில் மட்டும்தான் நடந்திருந்தது. நிலைமை முழுதாகச் சீராக டிசம்பர் ஆனது. 2022-இல் கட்டுப்பாட்டு அமைப்புகள் 4.8 கோடி பவுண்டுக்கு மேல் அபராதம் விதித்தன. ஒரே இரவில் எல்லாவற்றையும் மாற்றும் திட்டம் மேஜையில் வந்தால், துண்டு துண்டாக ஏன் முடியாது என்று பிடிவாதமாகக் கேட்க வேண்டும். முதல் துண்டாக, நின்றால் யாருக்கும் பெரிய நஷ்டமில்லாத, ஆனால் டேட்டாபேஸ், லாகின், மெயில் எல்லாம் உள்ள நடுத்தர மென்பொருள் ஒன்றை எடுக்கலாம். வெறும் அறிமுகப் பக்கத்தை நகர்த்திவிட்டு முன்னோட்டம் (பைலட்) வெற்றி என்று சொல்வதில் கற்றுக்கொள்ள ஒன்றும் கிடைக்காது.

ஆட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. இத்தனை நாள் சர்வர் அறையைக் கவனித்தவர்களுக்கு, நம் வேலை போய்விடுமோ என்ற பயம் முதல் கூட்டத்திலேயே வந்துவிடும். லேபிள் பிரிண்டரின் ஐபி முகவரி எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களுக்குப் பயிற்சி, புதிய வேலையின் பெயர், சம்பளம் எல்லாவற்றையும் ஆரம்பத்திலேயே தெளிவாகப் பேசிவிட்டால், கணக்கெடுப்பு பாதி முடிந்த மாதிரி.

எல்லாம் போய்ச் சேர்ந்து ஒரு மாதக் கடைசியும் தாண்டிய பிறகு பழைய சர்வர்களை அணைக்கலாம், ஆனால் வருடக் கணக்கு முடியும்வரை கழற்ற வேண்டாம். கழற்றும்போது வட்டுகளில் இருப்பதை மீட்க முடியாதபடி அழித்து, அதற்குச் சான்றிதழும் வாங்கிக்கொள்ள வேண்டும். அப்புறம் பராமரிப்பு ஒப்பந்தம், பழைய லைசென்ஸ் புதுப்பிப்பு, அந்த அறைக்கென்று எடுத்த இரண்டாவது இணைய இணைப்பு ஆகியவற்றை ரத்து செய்யச் சொல்லி எழுத்தில் கடிதம் போக வேண்டும். இல்லாத சர்வருக்குப் பராமரிப்புப் பணம் தானாகக் கழிந்துகொண்டே இருப்பது, தணிக்கையாளர் வந்து கேட்கும்வரை பெரும்பாலும் யார் கண்ணிலும் படாது.